முதலாளியும் கையைத் தூக்கணும்

சாட்சாத் முருகப்பெருமானே மயிலை விட்டு இறங்கி வந்தாலும், "ஏனுங் சாமி, பன்னெண்டு கையையும் தூக்குங்க" என்று தடவிப் பார்க்காமல் உள்ளே விடமாட்டார், எங்கள் பனியன் கம்பெனி வாட்ச்மேன்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கேம்ப். வாயைத் திறந்தாலே "கேம்ப்புல இருக்கறப்போ" என்றுதான் வரும். எழுபத்தொன்று பாகிஸ்தான் சண்டையில் பட்டாளத்தில் இருந்து, எதிரியிடம் மாட்டி, கைதி முகாமில் கிடந்து மீண்டவர். வயது எழுபதைத் தொட்டும் சந்தேகம் மட்டும் இளமையாகவே இருந்தது. டிபன் கேரியரைத் திறந்து ரசத்துக்குள் கரண்டி விட்டுத் துழாவுவார். ஒருநாள் ஆடிட்டரின் தலையையே உற்றுப் பார்த்து, "அது உங்க முடிதானுங்களா?" என்று கேட்டுவிட்டார். அந்த மனுஷன் அப்புறம் எங்கள் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அப்படிப்பட்டவர் இருக்கும் கம்பெனியில்தான் சாம்பிள் காணாமல் போனது. ஒரு குழந்தைச் சட்டை. ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுப் பையர் ஒப்புக்கொண்டு, சீல் அட்டை கட்டி அனுப்பியது. அதைப் பார்த்துத்தான் மொத்த ஆர்டரையும் தைக்க வேண்டும். மத்தியானம் பையரின் ஆள் வருகிறார். முதலாளி சாமியாடினார்.

கடைசியாக அதை அயர்ன் செய்தவன் விகாஸ். பீகார்க்காரன். கம்பெனி ரூமில் நிறைமாத மனைவியோடு குடியிருந்தான். "அவன்தான்யா! எதிர்க் கம்பெனிக்குக் கொடுத்திருப்பான். போலீசுக்குப் போன் போடு, ரூமைக் காலி பண்ணச் சொல்லு!" என்றார் முதலாளி. "நஹி சாப், நஹி சாப்" என்று கும்பிட்டுக்கொண்டே நின்றான் விகாஸ். பக்கத்து டேபிள்காரர்கள்கூட மெல்ல நகர்ந்துகொண்டார்கள்.

கேம்ப்புக்குக் கொண்டாட்டம் என்றுதான் நினைத்தோம். அவரோ கேட்டைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அவனை மட்டும் சோதிக்க மாட்டனுங்க. சந்தேகப்பட்டா எல்லார்த்தையும் படோணும். ஒருத்தனை மட்டும் படப்படாது."

"என்னையுமா?" என்று எகிறினார் முதலாளி.

"உங்களைத்தானுங்க மொதல்ல. கையைத் தூக்குங்க."

அய்யோ, மனுஷன் வேலை போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். கேம்ப் முதலாளியைத் தடவிக்கொண்டே கதையை ஆரம்பித்துவிட்டார்.

"கேம்ப்புல நாங்க ஒரு ரேடியோ ஒளிச்சு வெச்சிருந்தமுங்க. ஒரு நாள் காவக்காரன் நேரா வந்து எடுத்துட்டான். நான் பீடிக்காவ அவனுககிட்ட சிரிச்சுப் பேசறவன். நீதாண்டா காட்டிக் குடுத்தேன்னு எங்க சுபேதாரு சொல்லிப்போட்டாரு. அந்தக் குளுர்ல ஒண்ணா ஒட்டிப் படுத்தாத்தானுங்க உசுரு நிக்கும். என்னைத் தனியாத் தள்ளிட்டாங்க. செத்தே போயிருப்பனுங்க."

"அப்புறம்?" என்றேன்.

"சுபேதாரு தூக்கத்துல பேசறவருங்க! ரேடியோவுல கேட்ட நியூஸ் பூராத்தையும் காவக்காரனுக்குக் கேக்கற மாதிரி வாசிச்சிருக்காரு. ஒரு நாள் ராத்திரி எல்லாரும் முழிச்சுக் கெடந்து அதைக் கேட்டாங்க. அப்புறந்தான் என்னை நடுவுல படுக்கப் போட்டாங்க."

விகாஸுக்குக் கதை புரிந்திருக்காது. ஆனாலும் கேம்ப்பின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்தது முதலாளியின் கார். திருப்பூர்க்காரனுக்கு ஒரு வியாதி உண்டு; கைக்கு எட்டுகிற பனியன் துணியெல்லாம் அவனுக்குத் துடைக்கிற துணிதான். காலையில் தூறல். கார்க் கண்ணாடியைத் துடைத்த துணி டேஷ்போர்டில் சுருண்டு கிடந்தது. கேம்ப் அதை எடுத்து விரித்தார். குழந்தைச் சட்டை! சீல் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

"டேபிள் மேல கெடந்துச்சு... வேஸ்ட்டுனு..." என்று முதலாளி தலையைச் சொறிந்தார்.

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. விகாஸ் அழுதுகொண்டே சிரித்தான். சட்டையை அலசி, காயவைத்து, அவனே அயர்ன் செய்தான். பையரின் ஆள் வந்து தொட்டுப் பார்த்துத் திருப்தியாகப் போனார். அப்பாடா! அன்று சாயங்காலம் முதலாளியே டீ வாங்கி வந்து, முதல் கிளாஸை விகாஸிடம் நீட்டினார். கேம்ப் அந்தக் கிளாஸுக்குள்ளும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான், "குடி கண்ணு" என்றார்.

கேம்ப் இப்போது சோமனூரில் மகள் வீட்டில் இருக்கிறார். புது வாட்ச்மேன் தங்கமான மனுஷன். செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே எல்லோரையும் விட்டுவிடுகிறார். நேற்று கேட்டருகே வந்ததும் பழக்கதோஷத்தில் என் கை தானாக மேலே போயிற்று. வெட்கத்தோடு முன்னால் பார்த்தேன். தன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த ஒரு கையைத் தூக்கியபடி விகாஸ் நின்றுகொண்டிருந்தான்.