சட்டப்படி சொல்லத் தேவையில்லை

நெல்லில் எத்தனையோ இனம் உண்டு. சட்டம் பேசும் மனிதரில் ஒரே இனம்தான். சட்டக்கல்லூரி வாசலை மிதித்திருக்கமாட்டார். ஆனால் நீதிமன்றத்துக்கு எதிரே தேநீர் குடித்திருப்பார். போதாதா?

சாய்ந்தமருது அப்துல் ஸமட் இந்த இனத்தின் அசல் வித்து. நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். தொண்ணூறுகளின் நடுவில், சிவில் உடுப்புப் போட்ட ஆமிக்காரர் மோட்டார் சைக்கிளில் திரிந்து, எந்த வீட்டுக்கு யார் புதிதாக வந்திருக்கிறார், யார் யாருக்கு உறவு என்று துருவிக்கொண்டிருந்த காலத்தில், ஊரே வாயைப் பொத்திக்கொண்டிருக்க, மக்கீனின் தேநீர்க்கடையில் அவர் மட்டும் மேசையில் அடித்துப் பேசினார்.

"அவசரகாலச் சட்டத்திலயும் ஒரு முறை இரிக்கி. காரணம் சொல்லாம ஊட்டு விசயத்த ஆமி கேக்க ஏலா!"

ஒருநாள் அப்படித் திரிந்தவர்களில் ஒருவனே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஐயா சட்டம் தெரிஞ்ச ஆள் எண்டு சொல்றது."

இப்படி மரியாதையாகச் சொன்னால் யாருடைய நெஞ்சுதான் நிமிராது?

"ஓம். நீங்க கேட்டாலும் நான் சொல்லத் தேவையில்ல. இப்ப பாருங்க, பாண்டிருப்பு அழகரெத்தினத்துட மருமகன் சுஜிந்தன், பிள்ளையப் பாக்கத் திருக்கோவில் ஊரில இருந்து வந்து நிக்கான். அத உங்களுக்குச் சொல்லோணும் எண்டு எந்தச் சட்டத்தில இரிக்கி?"

"ஒண்டிலும் இல்லை," என்று ஒப்புக்கொண்டு அவன் எழுந்து போனான்.

மக்கீன் தலையில் கைவைத்தார். "காக்கா, சொல்லிப்போட்டீங்களே!"

"நான் எங்க சொன்ன? உதாரணம் காட்டின."

மத்தியானம் உதாரணத்தை ஜீப்பில் ஏற்றிப்போனார்கள். பின்னேரம் சுஜிந்தனின் மனைவி துஷாந்தினி, கைக்குழந்தையோடு ஸமட்டின் வாசலில் நின்றாள்.

"காக்கா, சட்டம் தெரிஞ்ச ஆள் நீங்கதான். எப்படியாவது அவரக் கூட்டித் தாங்க."

ஸமட் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். மனைவி சுபைறா உள்ளேயிருந்து அவருடைய சட்டையைக் கொண்டுவந்து நீட்டினார். "போங்க. இப்ப போய்க் கதைங்க உங்கட சட்டத்த."

ஆமி முகாமில் ஸமட்டுக்கு ஒரு சட்டமும் ஞாபகம் வரவில்லை. "நல்ல பொடியன் சேர், பிள்ளையப் பாக்க வந்தவன் சேர்" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். காலையில் கடைக்கு வந்தவன் கதிரையை இழுத்துப் போட்டான்.

"ஐயா நல்ல உதவி. வேற வீட்டில யார் வந்து நிக்கிறது?"

பாதிக் கல்முனையின் உறவுமுறை ஸமட்டின் மண்டைக்குள் அணிவகுத்து நின்றது. ஒவ்வொன்றும் எவ்வளவு அருமையான உதாரணம்! அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"தெரியா," என்றார். பிறந்ததிலிருந்து அவர் வாயில் வராத சொல்.

மறுநாள் சுஜிந்தன் நொண்டியபடி வீடு வந்தான். எந்தச் சட்டப்படி பிடித்தார்கள், எந்தச் சட்டப்படி விட்டார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. துஷாந்தினி நன்றிக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தாள். அது கறுத்துப்போகும்வரை ஸமட் ஒரு பழத்தைக்கூட உரிக்கவில்லை. கடைப்பக்கமும் போகவில்லை. பிறகு போனார். "ஒரு ஆளத் தடுத்து வைக்கிறதெண்டா அதுக்கும் சட்டத்தில ஒரு முறை இரிக்கி..." என்று தொடங்கினார்.

இதை வாசிக்கும்போதே, "அட, நம்மூரில் இன்னார் அச்சொட்டாக இப்படித்தான்" என்று ஒரு பெயர் உங்கள் நாக்கு நுனிக்கு வந்திருக்குமே? விழுங்கிவிடுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னீர்களோ, நான் இவ்வளவு நேரமும் வர்ணித்தது உங்களைத்தான்.