சம்பந்தியின் இடது கண்ணும் என் மகளின் எலிகளும்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு (அப்படி அழைக்க இன்னும் உரிமை இருக்கிறது என்ற நப்பாசையில்),

இங்கு நாங்கள் மூவரும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்கத்தான் பயமாக இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் உங்கள் சுகத்தை விசாரித்த லட்சணம் அப்படி! அன்றிலிருந்து என் போனை நீங்கள் எடுப்பதில்லை. உங்கள் மகனும் "அப்பா பேசற மூடுல இல்ல" என்று மட்டும் இவளிடம் சொல்கிறாராம். இவளோ கட்டினால் அவரைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஆகவே பெற்ற பாவத்துக்கு நான் விளக்கம் எழுதுகிறேன்.

அவள் மிருக வைத்தியம் படித்தவள், ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளோடு வேலை என்பது உங்களுக்குத் தெரியும். என்ன வேலை என்று எனக்கே தெரியாமல் இருந்தது. நீங்கள் வந்து போன மறுநாள், நாலு திட்டு திட்டலாம் என்று அங்கேயே போனேன். காலுக்கு உறை, தலைக்குத் தொப்பி, வாய்க்கு முகமூடி எல்லாம் மாட்டித்தான் உள்ளே விட்டார்கள், எங்கிருந்து திட்டுவது? அலமாரி அலமாரியாகப் பெட்டிகள், பெட்டிக்குள் கிழட்டு எலிகள். "இதுக்கெல்லாம் என்ன ஊசிடி போடறீங்க?" என்றேன். "இந்த ரூம்ல ஒண்ணும் போடறதில்லப்பா. தீனி, தண்ணி குடுத்துட்டுப் பாத்துட்டே இருப்போம். வயசானா அதுவா வியாதி வரும். இந்த வெள்ளை வம்சத்துக்குச் சீக்கிரமே காது போயிடும், கறுப்புக்குத் தோல் அரிச்சுப் புண்ணாகும், அந்தப் பழுப்புக்குக் கண்ணுல அழுத்தம் ஏறிப் பார்வை போகும். எதுக்கு எது தானா வரும்னு தெரிஞ்சாத்தானே, பக்கத்து ரூம்ல மருந்து குடுத்த எலிக்கு வந்தது மருந்தாலயா வயசாலயான்னு சொல்ல முடியும்?" என்றாள். வயதாவதை வேடிக்கை பார்க்கச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள், சம்பந்தி! என் வீட்டில் எனக்கு இதை இலவசமாகவே செய்கிறார்கள்.

நாள் முழுக்க இப்படிப் பார்க்கிறவள் வீட்டுக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொள்வாளா? உங்கள் தலையைப் பார்த்து, "மாமா, இது வயசுல உதிர்ந்ததா, கூட இருக்கறவங்க பிடுங்கினதா?" என்று கேட்டுவிட்டு, உங்கள் வீட்டம்மாவின் கொண்டையை ஏற இறங்கப் பார்த்தாளே, அதில் துளி விஷமம் கிடையாது. கறுப்பு எலிகளில் ஒன்று மற்றதன் முடியைப் பிடுங்கி மொட்டையாக்குமாம். பெட்டிக்குள் யாருக்கு முழு முடி இருக்கிறதோ அதன்மேல்தான் முதல் சந்தேகமாம். எல்லாம் தொழில் பழக்கம். உங்கள் வீட்டம்மா அப்படிப்பட்டவர் இல்லை என்று நான் யார் முன்னாலும் சொல்வேன். உங்கள் முடி தானாகத்தான் போயிருக்கும்.

அதோடு விட்டாளா? இடது பக்கம் வைத்த டீயை நீங்கள் தட்டிவிட்டீர்கள். மனுஷனுக்குக் கை தவறாதா என்ன? என் மனைவி பதறிப்போய்த் துணி எடுத்துத் துடைக்கிறாள், இவள் உங்கள் முகத்துக்கு முன்னால் விரலை ஆட்டி, "மாமா, இந்தப் பக்கம் தெரியுதா? வரும்போதே கதவு நிலையில இடிச்சீங்க. உடனே கண் டாக்டரைப் பாருங்க" என்கிறாள். "என்னை என்ன எலின்னு நினைச்சியா?" என்று நீங்கள் எழுந்தீர்கள். அப்போதாவது வாயை மூடக் கூடாதோ? "எலியா இருந்தா எப்பவோ கண்டுபிடிச்சிருப்பேன்" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு போனவர்தான் நீங்கள்.

ஐயா, உங்கள் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. இனிமேல் உங்கள் எதிரில் எலி என்ற சொல்லே அவள் வாயில் வராது. உங்கள் வீட்டில் யாருக்கு எவ்வளவு வயதானாலும் அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அதற்கு நான் ஜவாப்தாரி. தயவுசெய்து கல்யாணத்தை நிறுத்திவிடாதீர்கள். முடிந்தால் அடுத்த மாதமே வைத்துக்கொள்ளலாம்.

வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு என் வணக்கம், உங்கள் மகனுக்கு எங்கள் ஆசி, உங்களுக்கு ஆயிரம் மன்னிப்பு.

உங்கள் ஒரு வார்த்தைக்காகப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்,
பெண்ணைப் பெற்றவன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் வீட்டம்மா பேசினார். நீங்கள் போன் எடுக்காதது கோபத்தில் இல்லையாம், வெட்கத்திலாம். அவள் சொன்னபடி கண் டாக்டரிடம் போனீர்களாம், இடது கண்ணில் அழுத்தமாம், போன பார்வை போனதுதானாம், மிச்சத்தைச் சொட்டு மருந்து காப்பாற்றுமாம். "இந்தப் பொண்ணை விட மாட்டோம், நாளைக்கே வேணாலும் கல்யாணம்" என்கிறார். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பு அத்தனையையும் வாபஸ் வாங்குகிறேன். மகளிடம் சந்தோஷமாகச் சொல்லலாம் என்று நாற்காலியை விட்டு எழுந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏம்பா, இடது காலை ஊன யோசிக்கறீங்க?" என்றாள். கட்டியவள்கூடக் கவனிக்காதது, சம்பந்தி. எழுந்தவன் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். இவளை உங்களிடம் அனுப்பிவிட்டால் என்னை இப்படி யார் பார்ப்பார்கள்? அடுத்த மாதம் வேண்டாம். ஒரு வருஷம் தள்ளி வைக்கலாமா?