வெங்கடராமன் பிரித்த மோட்டார் சைக்கிள்

இனிமேல் தன் மோட்டார் சைக்கிள் மீது எந்த மெக்கானிக்கின் கையும் படக்கூடாது என்று வெங்கடராமன் தீர்மானித்தது எழுபத்தெட்டாம் வருஷம் ஜனவரியில், ஒரு திங்கட்கிழமை காலை. அன்றுதான் வண்டி கிளம்ப மறுத்தது. டில்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ் வாசலில் இருபத்தேழு உதை உதைத்துவிட்டு, லோதி ரோடு ஆபீஸுக்கு பஸ்ஸில் போனார்.

அவருக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்தது. பனி விலகும்வரை வண்டி ஓட்டவேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனைவி ஜலஜாவும் கெஞ்சிப் பார்த்தாள். அவர் கேட்கிற ஜாதி இல்லை. மப்ளரைச் சுற்றிக்கொண்டு மூடுபனிக்குள் பாய்வார். சாயங்காலம் இருமிக்கொண்டே திரும்புவார். இப்போது வண்டி படுத்துவிட்டதால் பஸ்தான் கதி.

ஞாயிற்றுக்கிழமை வெயிலில் பழைய பேப்பரை விரித்து, கார்புரேட்டரைக் கழற்றினார். ஜலஜா ஆச்சரியப்படும்படி ஒத்தாசை செய்தாள். மண்ணெண்ணெய் கொடுத்தாள், பழைய பல் பிரஷ் கொடுத்தாள், திருகாணிகள் தொலையாமலிருக்க நாலு கிண்ணம் கொடுத்தாள். சுடச்சுட மிளகு ரசமும் வந்தது. எல்லாம் பளபளவென்று ஆயிற்று. வண்டி மட்டும் கிளம்பவில்லை.

அடுத்த ஞாயிறு ஸ்பார்க் பிளக். அதற்கடுத்த ஞாயிறு செயின், கிளட்ச் ஒயர், கண்ணில் பட்ட எல்லாம். அதற்குள் இருமல் நின்றிருந்தது, பனியும் விலகியிருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து உதைத்தார். முதல் உதையிலேயே வண்டி உறுமியது.

ஜலஜாவைப் பின்னால் உட்காரவைத்து இந்தியா கேட்டை இரண்டு சுற்று சுற்றினார். கோளாறு எங்கே இருந்தது, தான் அதை எப்படி மோப்பம் பிடித்தோம் என்று காலனி முழுக்கச் சொன்னார். கேட்டவர்களில் மாடி வீட்டு மாசிலாமணியும் ஒருவர். மறுவாரமே அவர் தன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். நேற்றுவரை ஓடிய வண்டி, என்னவென்றே தெரியவில்லை, நீங்கள்தான் பார்க்கவேண்டும் என்றார்.

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? மத்தியானத்துக்குள் ஸ்கூட்டரில் கழற்றக்கூடியதெல்லாம் பேப்பர் மேல் கிடந்தது. வெங்கடராமன் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"ஜலஜா, உங்கிட்ட மட்டும் சொல்றேன். நம்ம வண்டி எப்படிக் கிளம்பித்துன்னு எனக்குச் சத்தியமாத் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றாள் ஜலஜா, மாவைப் பிசைந்தபடியே. "சைலன்ஸருக்குள்ள என் பழைய ரவிக்கைத் துணியைத் திணிச்சு வச்சிருந்தேன். அன்னிக்கு நீங்க சாப்பிடறச்சே எடுத்துட்டேன்."

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவர் கண்முன் வந்து போயின. கோபம் தலைக்கு ஏறியது. "ஏண்டி இப்படிப் பண்ணினே?" என்றார்.

அவள் கை நின்றது. "நீங்க படுத்துண்டு இருமுவேள். அடுத்த இருமல் எப்போன்னு நான் முழிச்சுண்டு கிடப்பேன். சொன்னாக் கேட்டேளா?"

அவர் அவள் நெற்றியில் ஒட்டியிருந்த மாவைத் துடைக்கப் போய், கையிலிருந்த கிரீஸை அங்கே பூசிவிட்டார். இருவருக்கும் சிரிப்பு வந்தது. அது ஓய்ந்த பிறகு, பரிதாபமாகக் கேட்டார்: "எல்லாம் சரி. மாசிலாமணிக்கு என்ன பதில் சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாதீங்கோ. அவருக்கு இடுப்பு சரியாகிற வரைக்கும் ஸ்கூட்டர் ஓட்டப்படாதாம். அவர் ஆத்துக்காரி சாந்தகுமாரி போன வாரம் வந்து எங்கிட்ட யோசனை கேட்டுண்டு போனா. இன்னிக்குக் காத்தால அவர் அடுத்த தெருவுல மெக்கானிக்கிட்டப் போறேன்னாராம். நான்தான், வேண்டாம், எங்காத்துக்காரர்கிட்ட விடச் சொல்லு, பத்து நாளானாலும் கண்டுபிடிக்க மாட்டார்னேன்."