பத்து அந்தர் வான்

சாவகச்சேரி,
17.11.95

ஜெர்மனி தேசத்தில் நான்கு சில்லின் மேல் வீடு வைத்து, வெள்ளிக்கிழமை பின்னேரமானால் அதை உருட்டிக்கொண்டு ஊர்கோலம் போகும் மகாராஜராஜஸ்ரீ மருமகன் செல்வரட்ணத்துக்கு, இங்குள்ள பள்ளிக்கூடம் ஒன்றின் ஏழாம் வகுப்பில், எந்தச் சோதனையும் எழுதாமல் அறுபத்தொரு வயதில் சேர்க்கப்பட்டிருக்கும் உன் தாய்மாமன் நமசிவாயம் எழுதிக்கொள்வது. நானும் மாமி பூரணமும் சுகம். உங்கள் சுகத்துக்குப் பிள்ளையாரை வேண்டுகிறேன். அவரை உரும்பிராயில் தனியே விட்டுவிட்டு வந்திருப்பதால் கேட்பாரோ தெரியாது.

நிற்க. உன் கடிதம் புரட்டாதிக் கடைசியில் கிடைத்தது. விடுமுறைக்குப் போன வழியில் பொலிஸ்காரன் மறித்து, உன் படுக்கை வானைத் தராசில் ஏற்றி, நூற்று நாற்பது கிலோ கூட என்று கண்டுபிடித்தானாம். வெறும் வானின் எடை வேறு, அது தாங்கக்கூடிய மொத்த எடை வேறு, இரண்டுக்கும் நடுவில் உள்ளதைத்தான் மனுசன் ஏற்றலாம் என்று படம் கீறி விளக்கியிருந்தாய். தொட்டியில் நிற்கும் தண்ணீரும் பாரம், பின்னால் தொங்கும் சைக்கிளும் பாரம், ஆள் ஒன்றுக்கு எழுபத்தைந்து கிலோ, மிஞ்சினால் அச்சு முறியும், பிறேக் பிடிக்காது. கடைசியில் இறைச்சி வாட்டும் அடுப்பையும் வெயில் குடையையும் தெருவோரம் விட்டுவிட்டுப் போனீர்களாம். இந்தத் துயரத்தை ஏழாம் வகுப்பில் குடியிருக்கும் ஒன்பது குடும்பத்துக்கும் உரத்து வாசித்தேன். எல்லாரும் தலையில் கை வைத்தார்கள். "ஐயோ பாவங்கள், குடையையுமோ விட்டுட்டுப் போனவை?" என்று ஒரு மனுசி கேட்டாள். அவளுடைய வீட்டில் இப்போது கூரை இல்லை.

என் ஆஸ்டின் வானை நீ அறிவாய். பெற்றோலை மணக்க மட்டும் கொடுத்துவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டுகிறேன். விடுகிற புகையில் குண்டு போட வந்த விமானம் தும்மிக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறது. அதன் கதவில் 'பாரம் பத்து அந்தர்' என்று எழுதியிருக்கும். அந்தர் என்றால் ஐம்பது கிலோ, ஒரு வெங்காயச் சாக்கு. அங்கே போய் மறந்திருப்பாய். முப்பது வருடமாக அந்த எழுத்துக்கு மரியாதை கொடுத்து, அதன்மேல் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு, இருபத்திரண்டு அந்தர் வெங்காயம் சந்தைக்கு ஏற்றியவன் நான்.

ஆனால் ஆமி வருகிறது என்று ஒலிபெருக்கியில் எங்கள் வலிகாமப் பகுதி முழுவதையும் விட்டு எல்லாரையும் வெளிக்கிடச் சொன்ன அன்றைக்கு, எனக்கு உன் கடிதம் ஞாபகத்துக்கு வந்து தொலைந்தது. படிச்ச பெடியன், படம் கீறி எழுதியிருக்கிறான், இந்தச் சனக்கூட்டத்துக்குள் அச்சு முறிந்தால் என்ன செய்வது? ஊரே அழுதுகொண்டு மூட்டை கட்ட, நான் முற்றத்தில் வெங்காயத் தராசைத் தூக்கினேன். விதை வெங்காயம் ஆறு அந்தர். அதை விட்டுவிட்டுப் போனால் தைமாதம் நடுவதற்கு என் பல்லைத்தான் நடவேண்டும். அரிசி, சட்டி பானை, காணி உறுதிப் பெட்டி, எல்லாம் ஒரு அந்தர். நானும் மாமியும் உன் சட்டப்படி நூற்றைம்பது கிலோ, மூன்று அந்தர். கூட்டிப் பார்த்தால் கச்சிதமாகப் பத்து. ஜெர்மன் பொலிஸ்காரன் வந்தாலும் என்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சுவான்.

மாமிதான் குழப்பினாள். "இஞ்சாருங்கோ, நான் எழுவத்தைஞ்சு கிலோவோ? அஞ்சு வருசமாச் சாமான் தடை, ஒரு துண்டுப் பாணைக் கண்ணாலை கண்டு எவ்வளவு காலம்! உந்தக் கணக்கிலை நாங்கள் தின்னாத சோறும் ஏறிக்கிடக்கு" என்றாள்.

"சட்டம் எண்டால் சட்டம். பேசாமல் ஏறு" என்றேன்.

பதினோராவது அந்தர் உன் அம்மா. சிவக்கொழுந்து அக்கா நாற்பத்தெட்டுக் கிலோ. அவளையும் தராசில் வைத்தேன். மழை பிடித்துவிட்டது, அவளை ஏற்ற ஒரு சாக்கை இறக்கினால் அது நனைந்து விதை அழுகிவிடும். நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு அவளே, "நான் நிக்கிறன் தம்பி. நீ வெங்காயத்தை அங்கை இறக்கிப்போட்டு ரெண்டாவது ஓட்டத்துக்கு வாவன்" என்றாள். பன்னிரண்டு மைல்தானே, பொழுதுபட முன்னம் திரும்பிவிடலாம் என்று வெளிக்கிட்டேன்.

மருமகனே, அந்தப் பன்னிரண்டு மைலுக்கு ஒன்றரை நாள் எடுத்தது. நாவற்குழிப் பாலத்தில் எறும்பு ஒன்று என் வானை முந்திக்கொண்டு போனது. திரும்பிப் பார்த்துச் சிரித்ததாகவும் எனக்கு ஒரு ஐமிச்சம். ஆள், ஆடு, மெத்தை, சாய்மனைக் கதிரையில் தூக்கிவரும் நோயாளி. வழியில் என் வானை மறித்துக் கதவைத் தட்டாதவர்கள் இல்லை. எல்லாருக்கும் உன் சட்டத்தை விளங்கப்படுத்தினேன். ஒருவர் காறித் துப்பினார். அது எத்தனை கிராம் என்று நான் நிறுக்கவில்லை. இங்கே வந்து சாக்கை இறக்கிவிட்டு வானைத் திருப்பினால், சந்தியில் காவலுக்கு நின்றவன் கையை நீட்டினான். "எங்கை ஐயா?"

"அக்காவை ஏத்த."

"இஞ்சாலை வாறதுதான் ஐயா இருக்கு. திரும்பிப் போறது இல்லை."

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் போய் அந்தச் சந்தியில் நிற்கிறேன். கடைசியாக வந்தவர்கள், உரும்பிராயில் செல் விழுகிறது, ஆட்கள் இல்லை என்கிறார்கள். செஞ்சிலுவைக்காரரிடம் பெயர் கொடுத்திருக்கிறேன். நீயும் அங்கிருந்து அவர்களுக்கு எழுது. இதைச் சொல்லத்தான் கடிதம் எழுதத் தொடங்கினேன். குடை, அடுப்பு என்று சுற்றிச் சுற்றி இப்போதுதான் வந்து சேர்ந்தேன். அவளாக விரும்பித்தான் நின்றாள் என்பதை மனதில் வைத்து என்னைக் கோபிக்காதே.

உனக்கும் மனைவி பிள்ளைக்கும் நீண்ட ஆயுளும், உன் வானுக்கு இன்னும் நூற்று நாற்பது கிலோ தாங்கும் பலமும் கிடைக்கக் கடவது.

இப்படிக்கு,
உன் மாமன் ஆ. நமசிவாயம்

பி.கு.: இதைக் கொழும்புக்குப் போகிறவரிடம் கொடுக்க வெளிக்கிடும்போது உன் அம்மா வந்துவிட்டாள். நடந்தே வந்திருக்கிறாள், கால் இரண்டும் வீங்கி, தலையிலிருந்து தண்ணீர் ஒழுக. வகுப்பு வாசலில் நின்று, வாங்குப் பலகையின் மேல் அடுக்கியிருந்த ஆறு சாக்கையும் பார்த்தாள்.

"தம்பி, வெங்காயம் நனையாமல் வந்து சேந்ததோ?"

"ஓம் அக்கா" என்றேன்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, எட்டாம் வகுப்பில், முன்பின் தெரியாத சனத்தோடு போய்ப் படுத்துவிட்டாள். மாமி கொண்டுபோன கஞ்சியை வாங்கிக் குடித்தாள். நான் கொண்டுபோனதற்கு மற்றப்பக்கம் திரும்பினாள்.

ஆகவே மேலே எழுதியதில் ஒரு திருத்தம். நிற்கிறேன் என்று அவள் சொல்லவில்லை. அன்றைக்கு வானில் ஏறி, சாக்குக்கு மேலே இருந்துவிட்டாள். இறங்கச் சொன்னது நான்.