டெர்மின் அண்ணை தீம் பார்க் போன கதை

ஜெர்மன்காரர்கள்தான் உலகத்திலேயே ஒழுங்கானவர்கள் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர் பீலெஃபெல்டில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்துப் பக்கம் வந்ததே இல்லை என்று அர்த்தம். அங்கே மூன்றாவது மாடியில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் குடியிருந்தார். அவருக்குப் பயந்து தரைத்தளத்து ஜெர்மன் அம்மா குப்பை கொட்டப் போகும்போதுகூட மணி பார்த்துக்கொண்டுதான் போவார். ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இந்த மனிதர் ஏன் இவ்வளவு ஜெர்மன்காரராக இருக்கிறார்?"

அவருடைய சொந்தப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. ஊருக்கே அவர் டெர்மின் அண்ணைதான். டெர்மின் என்றால் முன்கூட்டியே நேரம் குறித்து வாங்குவது. இந்த நாட்டில் டாக்டரைப் பார்க்க, முடி வெட்டிக்கொள்ள, வங்கியில் ஒரு சந்தேகம் கேட்க, எல்லாவற்றுக்கும் டெர்மின் வேண்டும். அண்ணை அந்தச் சட்டத்தைச் சர்க்கரைப் பொங்கல் வரைக்கும் நீட்டியிருந்தார்.

அது என் சொந்த அனுபவம். மதுரையிலிருந்து நாங்கள் வந்த புதிது. என் கணவருக்குப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை, எனக்கு வீட்டில் மகள் மீனுவைத் துரத்தும் வேலை. மேல்மாடியில் தமிழ்க் குடும்பம் என்று கேள்விப்பட்டதும், பொங்கலன்று கிண்ணத்தோடு போய் மணியை அழுத்தினேன். கதவு ஒரு சாண் திறந்தது. மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு முகம் எட்டிப் பார்த்தது.

"ஆர் பிள்ளை?"

"கீழ்வீட்டுக்குப் புதுசா வந்திருக்கோம் அண்ணே. பொங்கல் குடுக்கலாம்னு வந்தேன்."

"நல்லது. டெர்மின் எடுத்தனீங்களோ?"

"பொங்கலுக்கா?"

"வியாழக்கிழமை பின்னேரம் வரலாம். நாலேகாலுக்கு வாங்கோ. நாலரைக்கு நான் குளிக்கிறது."

உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் பாய்ந்து வந்தது. "இஞ்சருங்கோ! வியாழக்கிழமை வரைக்கும் பொங்கல் கிடக்குமே? கதவைத் திறவுங்கோ முதல்ல!" அது அண்ணையின் மனைவி, எனக்கு அன்றிலிருந்து அக்கா. அவர் மட்டும் அந்த வீட்டில் இல்லாமலிருந்தால் அண்ணைக்கு நண்பர் என்று ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

அண்ணைக்கு டிராம் ஓட்டும் வேலை. இப்படிப்பட்ட மனிதரிடம் அட்டவணையைக் கொடுத்தால் என்ன ஆகும்? அவர் ஓட்டும் டிராமைப் பார்த்துத்தான் எங்கள் தெருவில் கடிகாரத்தைச் சரி செய்வார்கள். ஒரு மழைநாளில், இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு ஓடி வந்த அக்காவின் முகத்துக்கு நேரே கதவை மூடிவிட்டு, ஒரு கை அசைப்போடு டிராமை எடுத்துக்கொண்டு போனவர் அவர். அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் சமையல் நடக்கவில்லை. அண்ணை எங்கள் வீட்டில் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டே நியாயம் கேட்டார். "நேரமெண்டால் நேரம்தானே பிள்ளை? பெண்சாதிக்கொரு நேரம், சனத்துக்கொரு நேரமே?"

இவர்களுக்கு ஒரே மகள், சிந்து. அவள் முதல் வகுப்பு படிக்கும்போது கூடப் படித்த பிள்ளை ஒருத்தி கொலோன் பக்கம் இருக்கிற ஒரு பெரிய தீம் பார்க்குக்குப் போய்வந்து கதை அளந்தாளாம். சிந்து வீட்டுக்கு வந்து, "அப்பா, நாங்களும் போவமா?" என்று கேட்டிருக்கிறாள். அண்ணை உடனே சரி என்றிருக்கிறார். "ஓம், போவம். ஆனால் ஒழுங்காப் போவம்."

அந்த 'ஆனால்'தான் வினை. நாங்கள் அவர்களுக்குப் பழக்கமான சமயத்தில் சிந்து அப்பாவின் தோள் உயரம் வளர்ந்திருந்தாள். பயணம் இன்னும் திட்டத்திலேயே இருந்தது.

ஏன் என்று கேட்டால் அண்ணையிடம் பதில் இருக்கும். ஜெர்மனியில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு நேரத்தில் பள்ளி விடுமுறை. எங்கள் மாநிலத்தில் விடுமுறையாகவும் மற்ற எல்லா மாநிலங்களிலும் பள்ளி நாளாகவும் ஒரு நாள் அமைந்தால் கூட்டம் இருக்காது என்பது அவர் கொள்கை. பெல்ஜியத்தையும் ஹாலந்தையும்கூடக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். பல மாதம் தேடி அப்படி ஒரு நாளைக் கண்டும் பிடித்தார். அன்றைக்குப் பூங்காவையே மூடி வைத்திருந்தார்கள்.

அடுத்த தடை புட்டு. வெளிச்சாப்பாட்டை உள்ளே விடுவார்களா என்று அண்ணைக்குச் சந்தேகம். பூங்காவுக்கு மின்னஞ்சல் எழுதினார். ஜெர்மனில் புட்டை எப்படிச் சொல்வது? யோசித்து யோசித்து, 'அரிசி மாவினால் ஆன சிலிண்டர்' என்று எழுதி அனுப்பினார். ஜெர்மன் மொழியில் உயரமான கறுப்புத் தொப்பிக்கும் சிலிண்டர் என்றுதான் பெயர். அரிசி மாவைப் படிக்காமல் விட்டுவிட்ட யாரோ ஒரு புண்ணியவான் மறுநாளே பதில் போட்டிருந்தார். அண்ணை அதை எங்கள் எல்லோரையும் உட்கார வைத்து வாசித்தார்.

"தாராளமாக் கொண்டு வரலாமாம். ராட்டினத்திலை ஏறேக்கை மட்டும் தலையிலையிருந்து கழட்டிப்போட வேணுமாம்."

"புட்டை ஆரப்பா தலையில வைக்கிறது?" என்றாள் சிந்து.

"உனக்கென்ன? அனுமதி கிடைச்சிட்டுது."

இதெல்லாம் முடிந்து, ஒரு சனிக்கிழமை காலை, ஒருவழியாகக் கிளம்பினோம். நாங்களும் சேர்த்தி. அண்ணை யாரிடமோ ஏழு பேர் உட்காரும் வண்டி இரவல் வாங்கியிருந்தார். மீனுவுக்குப் புதுக் கவுன், எனக்குப் புதுச் செருப்பு. பூங்காவின் கார் நிறுத்துமிடத்தில் இறங்கினோம். வேலிக்கு மேலே ரோலர் கோஸ்டர் தலைகீழாகப் போய்க்கொண்டிருந்தது; அதிலிருந்து கூச்சல் மழை மாதிரி கொட்டியது. அண்ணை வாசல் வரைக்கும் விறுவிறுவென்று நடந்து போனார். கழிப்பறை எங்கே என்று பார்த்தார். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தார். திரும்பி வந்து வண்டியில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

"சரி. ஏறுங்கோ. வீட்டை போவம்."

"அண்ணே, உள்ள போகலையா?"

"இண்டைக்கு ஒத்திகை பிள்ளை."

மீனு டோர்ட்முண்ட் வரைக்கும் அழுதாள். என் கணவர் அதற்குப் பிறகும் அழுதுகொண்டுதான் வந்தார் என்பது என் சந்தேகம். சிந்து மட்டும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஜன்னலையே பார்த்தபடி வந்தாள். அவளுக்கு இது எத்தனையாவது ஒத்திகை என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பிறகு சிந்து பள்ளிப் படிப்பை முடித்தாள். லைப்சிக்கில் படிக்க இடம் கிடைத்தது. வீட்டில் கேக் வெட்டினார்கள். எல்லோரும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்கையில் அண்ணை குஷியாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "அப்ப வாற வருஷம் பார்க்குக்கு..."

சிந்து கேக் தட்டை மேசையில் வைத்தாள். "அப்பா, வாற வருஷம் நான் இஞ்சை இல்லை."

"லீவுக்கு வருவாய்தானே?"

"வருவன். அம்மாவைப் பாக்க வருவன், உங்களைப் பாக்க வருவன். பார்க்குக்கு வரமாட்டன். எனக்கு அந்த வயசு போயிட்டுது அப்பா." குரலில் கோபமே இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அண்ணை பதிலுக்கு வாதாடியிருப்பார். அவர் எழுந்து பால்கனிக்குப் போய், காயப்போட்ட துணிகளுக்கு நடுவில் ரொம்ப நேரம் நின்றார். உள்ளே வந்தபோது சொன்னார்: "இந்தக் கிழமைக்குள்ளையே போவம்."

அக்கா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. "கூட்டமாயிருக்குமேயப்பா!"

"இருக்கட்டும்."

அப்படிச் சொன்னாரே தவிர, இரண்டே நாளில் ஒரு திட்டத்தைத் தயாரித்துவிட்டார். முதலில் பூங்காவின் கடைசி மூலையில் இருக்கும் தண்ணீர்ச் சறுக்கு வண்டி. சனமெல்லாம் வாசலுக்குப் பக்கத்திலேயே முட்டி மோதும். நாம் ஓடிப்போய்க் கடைசியிலிருந்து தொடங்கி, எதிர்த்திசையில் வர வேண்டும். எங்கே எப்போது புட்டு, எங்கே எப்போது கழிப்பறை, எல்லாம் அவருடைய போனில் மணி அடிக்கும்.

பழையபடி இரண்டு குடும்பமும் கிளம்பினோம். நெடுஞ்சாலையிலேயே திட்டத்துக்கு முதல் அடி விழுந்தது. எங்கேயோ விபத்து. கண்ணுக்கெட்டிய தூரம்வரை வண்டிகள் நின்றன. போன் மணி அடித்தது. "இப்ப நாங்கள் வாசல்ல நிக்க வேணும்," என்றார் அண்ணை. இன்னொரு மணி. "இப்ப சறுக்கு வண்டி." மூன்றாவது மணி அடித்தது. என்ஜினை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

"பிள்ளை, நான் இந்த நாட்டுக்கு அகதியா வந்த புதிசிலை ஒரு முகாமிலை விட்டவங்கள்," என்றார் திடீரென்று. "பக்கத்திலை ஒரு சின்னப் பாலம். அங்காலை வேறை மாவட்டம். அகதிகள் கந்தோரிலை அனுமதிக் கடிதம் எடுக்காமல் தாண்டக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்காலை ஏதோ திருவிழா. ராட்டினம் சுத்திறது இஞ்சையிருந்தே தெரியுது. நானும் ஒரு பெடியனும் சும்மா பாத்திட்டு வருவமெண்டு போனம். ராட்டினத்துக்குக் கிட்டவும் போகேல்லை, பொலிஸ் பிடிச்சுக் கொண்டுவந்து விட்டிட்டான். சனமெல்லாம் பாத்துக்கொண்டு நிண்டது. அதுக்குப் பிறகு எங்கை போறதெண்டாலும் ஆரிட்டையாவது கேட்டுப்போட்டுப் போகோணும் போலை ஒரு பயம்."

அக்கா பின் சீட்டிலிருந்து முன்னால் குனிந்தார்.

"அது சரி. இப்ப ஆரிட்டைக் கேக்கிறியள்? நீங்களெல்லோ கந்தோர் வைச்சு நடத்திறியள்! நாங்களெல்லோ உங்களிட்டைக் கடிதம் எடுக்கிறம்!"

சிந்து சிரித்துவிட்டாள். பிறகு எல்லோரும் சிரித்தோம். அண்ணையும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். பின்னாலிருந்து பார்த்தால் தோள் மட்டும்தான் தெரிந்தது.

வாசலில் டிக்கெட் பார்த்த இளைஞன், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டான். பீலெஃபெல்ட் என்றார் அண்ணை. "அப்படி ஒரு ஊரே கிடையாதே!" என்றான் அவன். ஜெர்மனி முழுக்கத் தெரிந்த பழைய ஜோக் அது. அண்ணை சிரிக்கவில்லை. அடையாள அட்டையை எடுத்து நீட்டி, முகவரி இருக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். பின்னால் நின்ற வரிசை காத்திருந்தது.

அப்புறம் ஓட்டம். வாசலோரத்து ராட்டினங்கள், இசை, வறுத்த பாதாம் வாசனை எல்லாவற்றையும் தாண்டிக் கடைசி மூலைக்கு ஓடினோம். புட்டுப் பையோடு அக்கா, மீனுவைத் தோளில் போட்டுக்கொண்டு என் கணவர், புதுச் செருப்பு கடிக்க நான். மூச்சு வாங்கிக்கொண்டு போய் நின்றால், சறுக்கு வண்டியின் வாசலில் சங்கிலி. பராமரிப்புக்காக இன்று மட்டும் மூடப்பட்டிருக்கிறது என்று ஒரு பலகை.

அண்ணை பலகையைப் படித்தார். மறுபடியும் படித்தார். "இன்று மட்டும்," என்றார். "இன்று மட்டுமாம் பிள்ளை." அவர் திட்டத்தில் எல்லாமே அந்தச் சறுக்கு வண்டியிலிருந்துதான் தொடங்கியது. ஆரம்பம் போனால் அடுத்தது என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. போன் மணி அடித்தது. அதை எடுத்துப் பார்த்துவிட்டுப் பையில் போட்டார். அந்த நிமிஷம் எனக்கு அவரைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றவில்லை.

பக்கத்தில் ஒரு சங்கிலி ராட்டினம் நின்றது. உயரமான தூண், அதன் உச்சியிலிருந்து சங்கிலியில் தொங்கும் நாற்காலிகள். பழைய சாமான். பெரிய ரோலர் கோஸ்டருக்கு ஓடுகிற கூட்டம் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. அக்கா புட்டுப் பையை என் கையில் திணித்தார்.

"எங்கை போறீர்?" என்றார் அண்ணை.

"நான் இதிலை ஏறப் போறன்."

"இது பிளானிலை இல்லையே!"

"நீங்கள் டெர்மின் எடுத்துக்கொண்டு ஆறுதலா வாங்கோ," என்றபடி அக்கா சேலையை ஒதுக்கிக்கொண்டு ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ராட்டினக்காரன் கதவை மூடப் போனான். சிந்து சட்டென்று அப்பாவின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, அவர் முதுகில் கைவைத்து ஒரு தள்ளுத் தள்ளினாள். என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் அண்ணை அக்காவுக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் இருந்தார். ராட்டினம் கிளம்பியது.

முதல் சுற்றில் அவர் கண்ணை இறுக்கி மூடியிருந்தார். இரண்டாவதில் ஒரு கண். அதற்குப் பிறகு நாற்காலிகள் விரிந்து உயரத் தொடங்கின. அக்கா கால்களை நீட்டி உதைத்துக்கொண்டு பறந்தார். அண்ணையின் வாய் மெல்லத் திறந்தது. "ஓ!" என்று ஒரு சத்தம் வந்தது. அண்ணையிடமிருந்து அப்படிச் சத்தம் வரும் என்று நான் நினைத்ததில்லை.

நின்றதும் அக்கா தலை சுற்றுகிறது என்று இறங்கிவிட்டார். அண்ணை இறங்கவில்லை. "இன்னொருக்கா," என்றார் ராட்டினக்காரனிடம், தமிழிலேயே. அதிகம் ஆள் இல்லாத ராட்டினம்தானே, அவனும் விட்டுவிட்டான். இன்னொருக்கா. மறுபடியும் இன்னொருக்கா. என் கணவரும் மீனுவும் வேறெங்கோ போய் வாத்துப் படகு ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தார்கள். புட்டு காலியானது. அண்ணை சுற்றிக்கொண்டிருந்தார்.

"சிந்து, உள்ள வரும்போது பெரிய ரோலர் கோஸ்டர்ல போகணும்னு சொன்னியேம்மா," என்றேன். "நீ போ. நான் அப்பாவைப் பாத்துக்கறேன்."

"வேண்டாம் அன்ரி. அப்பா ஆசைப்படுறார். இருக்கட்டும்."

அவள் வேலியோரம் நின்றாள். ஒரு கையில் அப்பாவின் ஷூ. பறக்கும்போது கழன்று விழுந்துவிடும் என்று கழற்றி வாங்கி வைத்திருந்தாள். மறு கையில் அவருடைய கண்ணாடி. பள்ளிக்கூடத்துப் பிள்ளையை ராட்டினத்தில் ஏற்றிவிட்டுக் காத்துநிற்கும் தாய்மார்கள் நாலைந்து பேர் எங்களைச் சுற்றிலும் நின்றார்கள். அவர்களுக்கும் இவளுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை.

ஒவ்வொரு சுற்றிலும் அண்ணை எங்கள் தலைக்கு மேலே வரும்போது சிந்து ஷூ பிடித்த கையைத் தூக்கி ஆட்டினாள். நானும் ஆட்டினேன். கண்ணாடி இல்லாமல் அந்த உயரத்திலிருந்து அவருக்கு எங்கள் முகம் தெரிந்திருக்காது. தெரியாவிட்டால் என்ன, அவர் வரும்போதெல்லாம் ஆட்டிக்கொண்டே இருந்தோம்.