தரையில் விழுந்தால் கோல்

நாங்கள் அகதிகளாய் வந்து சேர்ந்த எஸ்பியர்க் நகரத் தபால்காரர்கள் நாய்க்குப் பயந்ததில்லை. எங்கள் கிளவுஸ் அண்ணைக்குத்தான் பயந்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் இருந்த மனைவியையும் மகளையும் கூப்பிட விண்ணப்பம் போட்டுவிட்டு, பதிலுக்காக இரண்டு வருடம் கதவடியில் குந்தியிருந்த மனிதர் அவர். இங்கே கடிதங்களைக் கதவிலுள்ள துவாரத்தால் உள்ளே தள்ளிவிடுவார்கள். இவர் கோல்கீப்பர் கிளவுஸ் போட்டுக்கொண்டு பாய்ந்து பிடிப்பார். தரையில் விழுந்தால் கோல் என்பது அவருடைய சட்டம். ஒருநாள் பொறுமையில்லாமல் கடிதத்தை உள்ளேயிருந்து வெடுக்கென்று இழுக்க, வெளியே நின்ற தபால்காரர் யேசுவைக் கூப்பிட்டபடி படியால் இறங்கி ஓடினார். பிடித்துப் பார்த்தால் தளபாடக் கடை விளம்பரம்.

தபால் வரும் நாளில் பகலில் வெளிக்கிடமாட்டார். மீன் தொழிற்சாலையில் பின்னேர வேலை மட்டும். பல்லு வலித்துக் கன்னம் வீங்கியபோதுகூட, "ஞாயிற்றுக்கிழமை பல்லுப் பிடுங்கிற ஆக்கள் இருக்கினமோ?" என்றுதான் விசாரித்தார்.

எங்கள் ஃபைல்கள் மேலிடத்து உத்தரவால் அசையாமல் கிடந்தது, பின்னால் அந்த உத்தரவு நீதிமன்றம் ஏறி, தமிழர் வழக்கு என்று நாடே அல்லோலகல்லோலப்பட்டபோதுதான் தெரிந்தது. அப்போது எங்களுக்குத் தபால்காரரில்தான் சந்தேகம்.

ஊரில் எதிரெதிரே இருந்த நீலக் கல்லூரியும் சிவப்புக் கல்லூரியும் ஆடிய உதைபந்தாட்ட மாட்சை, பழைய மாணவர்கள் இங்கேயும் விடவில்லை. ஈஸ்டர் திங்கட்கிழமைதான் நாள். விடுமுறை, தபால் இல்லை, கிளவுஸ் அண்ணை வருவார். கதவடிப் பயிற்சியின் புண்ணியத்தில் நீலத்துக்கு அவர் சுவர். சிவப்பான எங்களுக்கு இரண்டு வருடமாக ஒரு கோல் இல்லை.

அந்த எரிச்சலில் அவரைச் சீண்டுவேன். "அண்ணை, அக்கா வந்தா கதவைத் திறப்பியளோ, பாய்ஞ்சு பிடிப்பியளோ?"

"முதல்ல பிடிப்பன், பிறகு திறப்பன்" என்பார். பிறகு பிறகு அந்த மறுமொழி நின்று, வெறும் சிரிப்பு மட்டும் வந்தது. எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் வருடம் நான் ஒரு சூழ்ச்சி செய்தேன். ஈஸ்டருக்கு முதல்நாள் சனிக்கிழமை இந்த நாட்டில் விடுமுறை இல்லை, தபால் வரும். "திடல் சனிக்கிழமைதான் கிடைக்குதாம்" என்று கூசாமல் புளுகினேன். நினைத்தபடியே அவர் வரவில்லை. ஆறு கோல் போட்டோம்.

சும்மா வீட்டுக்குப் போயிருக்கலாம். நான் நேரே அவருடைய கதவடிக்குப் போய், குனிந்து துவாரத்துக்குள்ளால் "ஆறு!" என்று கத்தினேன். தள்ளினேன், கதவு திறந்தது.

அண்ணை கிளவுஸோடு தரையில் இருந்தார். அவருக்கு முன்னால் அரசாங்கக் கிரீடச் சின்னம் போட்ட ஒரு கடித உறை, விழுந்தபடியே கிடந்தது.

"பிடிக்கேல்லையோ அண்ணை?"

"கை வரேல்லையடா. நீ உடைச்சு வாசி."

வாசித்தேன். மனைவிக்கும் மகளுக்கும் அனுமதி. நான் துள்ளிக் குதித்தேன். "ரெண்டு பேருக்கும் கிடைச்சிட்டுது அண்ணை! அக்கா வரப்போறா!"

"பிள்ளை மட்டும்தான் வரும்" என்றார். "அவ போய் ஏழு மாசம். வீட்டில ஷெல் விழுந்தது. பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்தது."

"ஏன் அண்ணை ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொன்னா ஃபைலைத் திரும்ப அடியில போட்டிடுவாங்கள். பிள்ளை அங்கை தனிய நிக்குதெல்லோ."

செத்தவீடும் இல்லை, முப்பத்தொராம் நாள் அந்திரட்டியும் இல்லை. ஏழு மாதமாக மனைவியை உயிரோடு இருப்பவளாகக் காட்டிக்கொண்டு, என் பகிடிக்கும் சிரித்துக்கொண்டு, அந்தக் கதவைக் காத்திருக்கிறார். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. பக்கத்தில் இருந்தேன். கிளவுஸைக் கழற்றவே தெரியாதவர்போல் கையை நீட்டினார். நான்தான் கழற்றிவிட்டேன். அதற்குப் பிறகுதான் அழுதார்.

அடுத்த ஈஸ்டர் திங்கள். கோலுக்குப் பின்னால் ஏழு வயது மகள், முழங்கைவரை ஏறிய அப்பாவின் கிளவுஸோடு நின்றாள். அவர் வெறுங்கையோடு நின்றார். ஒருவருக்கும் கோல் இல்லை, கடைசி நிமிடம், எங்களுக்குப் பெனால்டி. அடிக்க வந்தது நான்.

பந்து நேரே அவருடைய கைக்குள் போனது. மகள் துள்ளிய துள்ளல் இன்றும் கண்ணில் நிற்கிறது. "கண் தெரியாதோடா உனக்கு?" என்று சிவப்புக்காரர் இன்றுவரை என்னைத் திட்டுகிறார்கள். திட்டட்டும். நான் குறிபார்த்துத்தான் அடித்தேன்.