கோளாறு உங்கள் பக்கம்

“கேக்குதா? நான் தெரியறேனா? நீ தெரியல. இல்ல, தெரியற, ஆனா அசையல. கெசியா, ஆடாம உக்காரு.”

திரையில் கல்லாகச் சமைந்திருக்கும் பெண்ணைப் பார்த்து ஆடாதே என்று சொல்கிறவரை நீங்கள் பார்த்ததில்லையா? ஆம்பூருக்கு வாருங்கள். ஆம்பூரில் காலை ஆறரை. ஹூஸ்டனில் அதற்கு முந்தைய நாள் மாலை ஏழு. நடுவே பாலாறு, வங்கக் கடல், பெயர் தெரியாத இன்னும் சில கடல்கள், அவற்றின் அடியில் கிடக்கும் கம்பிகள். இத்தனையும் தாண்டி ஒரு பதினான்கு வயதுக் குரல் வந்து சேர எடுத்துக்கொள்ளும் நேரத்துக்கு யார் பொறுப்பு? கெசியாதான் பொறுப்பு.

இந்த இனத்தை நான் ‘உன்பக்கத்தார்’ என்று அழைக்கிறேன். கோளாறு எதுவானாலும் அது எதிர்முனையில்தான் என்று பிறவியிலேயே அறிந்தவர்கள். கம்ப்யூட்டர் வழியே கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களிடையே இந்த இனம் நன்றாகச் செழிக்கிறது. காரணம் எளிது. அங்கே உண்மையிலேயே ஓர் எதிர்முனை இருக்கிறது.

வில்சன் சார் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி. தோல் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் கடிதம் எழுதும் வேலையில் இருபத்தெட்டு வருடம் இருந்தவர். அனுப்பிய தோல் பூஞ்சை பிடித்துத் திரும்பி வந்தபோது, ‘தங்கள் கிடங்கில் ஈரம் அதிகமிருப்பதை அறிந்து வருந்துகிறோம்’ என்று ஜெர்மனிக்கு எழுதியவர். 2006இல் ஓய்வு பெற்றார். அதே மாதம் வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்தது. இளம் வயதில் முறையாகக் கற்ற பாட்டு இருந்தது, குரல் இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக இலக்கணம் இருந்தது. எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களையும் முப்பத்தைந்து தாளங்களையும் தலைகீழாகச் சொல்வார். யாராவது கேட்கிறார்களா என்பதைப் பொருட்படுத்த மாட்டார்.

வகுப்பில் அவருடைய உடையைப் பாருங்கள். கேமராவுக்குத் தெரியும் பாகம் வரை கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. தெரியாத பாகம் கட்டம் போட்ட லுங்கி. மனைவி ஜெயபுஷ்பம் காபி கொண்டுவந்து வைப்பார்.

“சர்க்கர கம்மி.”

“நீங்க கலக்கல.”

“நீ கலக்கிக் குடுத்திருக்கணும்.”

கரண்ட் போனால் அது ஆம்பூர் முழுக்கப் போயிருக்கும், ஆனால் அரை மணி கழித்து வந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “ஏம்மா கட் பண்ணே?” மாணவி ஒரு நொடி யோசித்துப் பதில் சொன்னால் லைன் மோசம், யோசிக்காமல் சொன்னால் எதிரில் புத்தகம் திறந்திருக்கிறது. தப்பிக்க வழி உண்டா? கெசியா ஒரு வழி கண்டுபிடித்தாள். கதையே அதுதான்.

வில்சன் சார் தொடையில் தாளம் தட்டுவார். அந்தத் தட்டு அவளுக்கு அரை நொடி தாமதமாகக் கேட்கும். கேட்ட தட்டோடு சேர்ந்து அவள் சரியாகத்தான் பாடுவாள். அந்தப் பாட்டு இவருக்கு இன்னோர் அரை நொடி தாமதமாக வரும். ஆக, தட்டு விழுந்து ஒரு நொடி கழித்துப் பாட்டு வரும்.

“லேட்டு,” என்பார். “உன் பக்கம்தான் லேட்டு. நான் இங்க கரெக்டா தட்டறேன், பாக்கற இல்ல?”

ஆறு மாதம் லேட்டாகவே இருந்தாள். தனக்குத் தாளமே வராது என்று அம்மா ஹெப்சியிடம் ஒருநாள் அழுதாள். மறுவாரம், வில்சன் சாருடைய கை விழுவதற்கு ஓர் எண்ணிக்கை முன்பே பாடிப் பார்த்தாள். ஆம்பூரில் அது கையோடு கச்சிதமாக வந்து உட்கார்ந்தது.

“இப்பதான்மா தாளம் நின்னுச்சி,” என்றார் வில்சன் சார். அன்று வகுப்பின் மீதி நேரம் காலப்பிரமாணம் பற்றிப் பேசினார். அதன்பின் ஒன்றரை வருடம் கெசியா உலகத்துக்கு ஓர் எண்ணிக்கை முன்னால் பாடினாள். ஒருநாள்கூட லேட் இல்லை.

2008 கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிறு, வேலூர்க் கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் கெசியாவின் முதல் மேடை. ஹெப்சி வேலூரில் நர்சாக இருந்தவர். அவருடன் வேலை பார்த்தவர்கள் இரண்டு வரிசை நிறைத்து உட்கார்ந்திருந்தார்கள். மூன்று கீர்த்தனைகள். முதல் இரண்டும் வில்சன் சார் தேர்ந்தவை. மூன்றாவது, ஹெப்சி டியூட்டிக்குக் கிளம்பும்போது யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டே பாடுகிற ஒரு பைரவி. அதைச் சொல்லிக்கொடுங்கள் என்று கெசியா ஒரு வருடம் கேட்டு வாங்கினாள். அதைப் பாடத்தான் இருபது மணி நேரம் விமானத்தில் வந்திருந்தாள்.

தபேலாவுக்கு மக்பூல் அகமது. டேனரியில் தோலை விரலால் தடவிப் பார்த்தே ரகம் பிரிக்கிறவர், தாளத்தையும் அப்படித்தான். வில்சன் சார் முதல் வரிசையில், மேடையிலிருந்து தெரியும்படி கையை உயர்த்தித் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

கெசியா அந்தக் கையைப் பார்த்தாள். பழக்கப்படி, அது விழுவதற்கு ஓர் எண்ணிக்கை முன்பே எடுத்தாள். மக்பூல் ஓடிப்போய்ப் பிடித்தார். அடுத்த வரியில் மறுபடி முந்தினாள். மக்பூல் கையை நிறுத்திவிட்டு அவள் பக்கம் சாய்ந்தார். மைக் அவர்கள் பேச்சையும் மண்டபத்துக்குக் கொடுத்தது.

“இன்னாம்மா, வண்டி வர்றதுக்கு முன்னாடியே ஏறிக்கிற?”

“சார் கைக்கு முன்னாடி பாடினாதான் அங்கிள், சாருக்கு கரெக்டா இருக்கும்.”

“அது நெட்டுல, கண்ணு. இங்க நடுவுல கடல் இல்ல. கண்ண மூடிக்க. என் சத்தத்த மட்டும் கேளு.”

நர்சுகளின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். கெசியா கண்ணை மூடிக்கொண்டு மறுபடி எடுத்தாள். கீர்த்தனை எண்ணிக்கை பிசகாமல் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவதற்கு முன் தண்ணீர் குடித்துவிட்டு, அம்மா எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தேடிப் பார்த்து, வாயைத் திறந்தாள்.

வில்சன் சார் மேடையில் இருந்தார். மைக் அவர் கையில் இருந்தது.

நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள்? மண்டபமே கேட்டுவிட்டது. ஒரு மனிதர் ‘தப்பு என் பக்கம்’ என்று சொல்ல இதைவிட வசதியான நேரம் கிடைக்குமா? நான்கு சொற்கள்கூட இல்லை.

“பாட்டு தாளத்துக்கு முன்னாடியே கெளம்பறதுக்கு சாஸ்திரத்துல ‘அதீத எடுப்பு’ன்னு பேரு,” என்று ஆரம்பித்தார். “பெரிய வித்வான்களே பயப்படற விஷயம். பாப்பா இப்ப அதத்தான் செஞ்சி காமிச்சா. கூட வாசிக்கிறவங்களுக்குப் புரியல. அது அவங்க தப்பில்ல, பழக்கம் இல்ல.”

மக்பூல் தபேலாவைத் துணியால் மூடினார். வில்சன் சார் அதீதத்திலிருந்து அனாகதத்துக்குப் போனார், அங்கிருந்து தாளத்தின் பத்துப் பிராணன்களுக்கு. ஏழாவது பிராணனில் எட்டு மணி ஆனது. மண்டபக் காவலர் ஃபேன்களை ஒவ்வொன்றாக அணைத்தார்.

ஹெப்சி மேடை ஓரம் வந்து நின்றார். “சார், பாப்பாவுக்கு இன்னும் ஒரு பாட்டு இருக்கு.”

“இன்னாம்மா பண்றது. மொதப் பாட்ட நடுவுல நிறுத்தாம பாடியிருந்தா டைம் இருந்திருக்கும். லேட்டு உங்க பக்கம்தான்.”

கெசியா சுருதிப் பெட்டியை அணைத்தாள். விளக்குகளும் அணைந்தன.

நீங்கள் இப்போது வில்சன் சார் மாதிரி ஒருவரை நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் மேலதிகாரி, அல்லது மைத்துனர், அல்லது மாடிவீட்டுக்காரர். எனக்கும் ஒரு முகம் வந்தது, என்னுடையது அல்ல. இந்தப் பக்கம் வரை படித்துவிட்டும் ஒருவருக்கும் சொந்த முகம் நினைவுக்கு வருவதில்லை. அச்சில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும்.

மறுநாள் திங்கட்கிழமை. காலை ஆறரைக்கு ஆம்பூரில் வில்சன் சார் சிங்கப்பூரிலிருக்கும் ஷாஜினுக்கு வகுப்பு எடுத்தார். லேட்டாக வருகிறாய் என்று நான்கு தடவை சொன்னார். ஐந்தாவது தடவை ஷாஜின் கொஞ்சம் முந்திப் பாடினான். இப்போது சரி என்றார். ஜெயபுஷ்பம் காபி வைத்தார்.

வேலூரில் மக்பூல் அகமது டேனரிக்குப் போகும் வழியில், கெசியா தங்கியிருந்த ஹெப்சியின் அண்ணன் வீட்டில் இறங்கினார். தபேலாவின் மேல் துணியைப் பிரித்தார். கெசியா எதிரில் உட்கார்ந்து பைரவியை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை பாடினாள். பதினொரு நிமிடம் ஆயிற்று. ஹெப்சி கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு மக்பூலுக்குப் பஸ் வந்துவிட்டது.